இறுதி ஆட்டத்துக்கு முன் அடக்கம்

என் புருஷன் எருவேரா கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு ஆளாளுக்கு அவனைத் திட்டக் கிளம்பிவிடுவீர்கள். திட்டுவதற்கு வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன், அது போதும்.

அவனுடைய அண்ணன் ஹோஹேப்பா புதன்கிழமை சாயங்காலம் மாடுகளுக்குக் காய்ந்த புல்லைப் போட்டுவிட்டு வந்தார். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த வாரம் சனிக்கிழமை பிற்பகல்தான் ஆக்லாந்தில் இறுதி ஆட்டம். ரக்பிக்கு உலகக் கோப்பை என்று ஒன்று நடப்பதே அதுதான் முதல் தடவை, எங்கள் பையன்கள் பிரான்ஸோடு மோத வேண்டும். நாடே பைத்தியம் பிடித்துக் கிடந்தது. "சாகறதுக்கு இந்த மனுஷனுக்கு வேற வாரமே கிடைக்கலையா" என்று எருவேரா தேம்பித் தேம்பி அழுதான். அழுததும் நிஜம், கேட்டதும் நிஜம்.

வியாழக்கிழமை அண்ணனை எங்கள் குலத்தின் பொது இடமான மராய்க்குக் கொண்டுவந்தோம். எங்கள் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான். கூட்டவீட்டில் பாய் விரித்து, பெட்டியைத் திறந்தபடி வைத்து, சுவரோரம் பழைய படங்களைச் சாய்த்து வைத்தோம். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அழுவார்கள், சண்டை பாக்கி இருந்தால் திட்டுவார்கள், பழைய கதை சொல்லிச் சிரிப்பார்கள். எல்லாரும் பேசித் தீர்த்த பிறகுதான் மூடி. பெற்ற பிள்ளை பார்க்காமல் பெட்டியை மூடினதாக எங்கள் கடற்கரையில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஹோஹேப்பாவுக்கு ஒரே பிள்ளை, மீரியா. சிட்னியில் இருக்கிறாள். அப்பாவும் மகளும் பேசி ஆறு வருஷம். எண்பத்தொன்றில் தென்னாப்பிரிக்கா அணி வந்ததே, முதல் ஆட்டத்தை எங்கள் பக்கத்து நகரம் கிஸ்பர்னில் ஆடினார்களே, அன்றைக்கு வந்த வினை. கறுப்பனை மனுஷனாக மதிக்காத நாட்டோடு என்ன விளையாட்டு என்று மீரியா வேலிக்கு வெளியே நின்று கத்தினாள். இவர் ரக்பி சங்கத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார். ராத்திரி வீட்டில் ரெண்டு பேருக்கும் வாய் முற்றி, "என் மேசையில உனக்குத் தட்டு கிடையாது" என்று சொல்லிவிட்டார். அவள் அந்த மாசமே கிளம்பிப் போனாள். அதற்கப்புறம் அவர் அவள் பேரை எடுத்து நான் கேட்டதில்லை.

சாவுச் செய்தி கேட்டு வியாழக்கிழமை அவளே போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"சித்தி, எனக்கு சனிக்கிழமை டிக்கெட்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சீட்டுகூட இல்லையாம். கெஞ்சிப் பாத்துட்டேன். எல்லாம் மேட்ச்சுக்கு வர்ற கூட்டம்."

"சரிடி, பதறாத. பாத்து வா."

"நாலு மணி ஆயிரும் வந்து சேர. மூடிர மாட்டீங்களே? எனக்கு ஒரு தடவ அவர் முகத்தப் பாக்கணும், சித்தி. வேற ஒண்ணும் வேணாம்."

"உன்ன விட்டுட்டு மூடுவோமா? காத்திருப்போம்."

இந்த வாயால்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், குழியில் சுட்ட கல் போட்டு வேகவைக்கிற மண்ணடுப்புக்குக் கல் பொறுக்க வெளியே வந்தேன். என் புருஷன் துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு சாப்பாட்டுக்கூடத்தின் கூரைமேல் நின்று, வேலிக்கம்பியை முறுக்கி டிவிக்கு ஏரியல் கட்டிக்கொண்டிருந்தான். கீழே பாதிரியார், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், எருவேரா" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பேச்சை எடுத்தான்.

"நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு எடுத்துரலாம்."

"மீரியா நாலு மணிக்குத்தான் வருவா" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசறியா?"

"மூணாம் நாள் எடுக்கறது நம்ம வழக்கந்தானே, ஹூயா. இந்தக் குளிர்காலத்துல நாலு மணிக்கு மேல எடுத்தா இருட்டிரும், மலை மேல தூக்க முடியாது. ஞாயித்துக்கிழமைன்னு தள்ளினா, நாளைக்கு மத்தியானம் ஒவ்வொருத்தனா டிவியத் தேடி நழுவிருவான். அண்ணனத் தனியா விட்டுட்டுப் போறது மட்டும் மரியாதையா?"

"யாரு நழுவுவா? நீயா?"

கூடத்தில் ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணன் இப்ப எந்திரிச்சு வந்தா என்ன சொல்வாரு? எனக்காக மேட்ச்ச விட்றாதீங்கடான்னுதான் சொல்வாரு. அவர் வாழ்க்கை பூரா காத்திருந்த மேட்ச்சு இது."

அவ்வளவுதான். எல்லாத் தலையும் ஆடியது. ஹோஹேப்பாவைத் தெரிந்த எவனாலும் அதை மறுக்க முடியாது. அவருடைய வாயை அவரே மூடிக்கொண்ட பிறகு, இவன் அதைக் கடன் வாங்கிப் பேசிவிட்டான்.

நான் இன்னும் கத்தியிருக்கலாம். கத்துவதற்குப் பேர்போனவள்தான் நான். ஆனால் என் முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடந்தன. ஞாயிறு என்றால் இருநூறு பேருக்கு இன்னொரு நாள் கிழங்கு உரிக்க வேண்டும், இறைச்சி வெட்ட வேண்டும். சனிக்கிழமை என்று அவன் சொன்னதும் என் முழங்கால் சந்தோஷப்பட்டது, அதை மறைப்பானேன். அவளுக்கு ஒரு போன் போட்டாவது சொல்லியிருக்கலாம். டெலிபோன் என் தலைக்கு நேரே சுவரில் தொங்கியது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

காலையில் மழை தூறியது. பெட்டியை மூடும்போது நான் அங்கே இல்லை, அடுப்பைச் சாக்கால் மூடி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பெண்களின் ஓலம் கேட்டதும் ஓடினேன், அதற்குள் மூடியிருந்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? விடமாட்டேன் என்று மேலே விழுந்து அழுவார்கள், பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு விழுந்து அழ வேண்டியவள் வானத்தில் வந்துகொண்டிருந்தாள். எங்கள் ரக்பி கிளப்பின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஆறு பேர் தூக்கினார்கள். வழுக்குகிற சேற்றில் அவ்வளவு வேகமாக ஒரு பெட்டி மலையேறி நான் பார்த்ததில்லை. பாதிரியார் ஜெபத்தையும் சுருக்கிவிட்டார்.

என் அக்கா மகன் வாத்தேனேவை மீரியாவை அழைத்து வர கிஸ்பர்ன் விமான நிலையத்துக்கு அனுப்பினோம். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"நான்தானா கிடைச்சேன்? எல்லாரும் மேட்ச் பாப்பாங்க, நான் மட்டும் ரோட்டப் பாக்கணுமா?"

"கார்ல ரேடியோ இருக்குல்ல, போ" என்றான் எருவேரா. "அவகிட்ட விஷயத்தப் பக்குவமா சொல்லிரு."

"நானா? நீங்க மூடிட்டு நான் சொல்றதா? நல்லா இருக்கே கதை."

எப்படியோ போனான். நாங்கள் கல்லறையிலிருந்து இறங்கி, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தோம். பன்றி இறைச்சி, கிழங்கு, சிப்பி, எல்லாம் நன்றாக வெந்திருந்தது. யாரும் ருசித்துத் தின்னவில்லை. மூன்று மணிக்கு டிவியைப் போட்டார்கள். நூறு பேர் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள், மீதிப்பேர் சுவரோரம் நின்றார்கள். எருவேரா முதல் வரிசையில்.

நான் மீரியா வரும்வரை முன்வாசலில் நிற்க வேண்டியவள். எங்கள் வாசலில் வருகிறவர்கள் தாமாக உள்ளே வர மாட்டார்கள். உள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும், அதற்கப்புறம்தான் காலடி வைப்பார்கள். அந்தக் குரல் கொடுக்கிறவள் நான். நான் எங்கே நின்றேன்? சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே சாப்பாடு தள்ளும் ஜன்னலில், தட்டுத் துடைக்கிற துணியோடு, டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் பாதி முழுக்க நின்றேன். இடைவேளையில் தேநீர் ஊற்றினேன். மறுபடி போய் நின்றேன்.

ரெண்டாம் பாதியில் எங்கள் கேப்டன் எல்லைக்கோட்டுக்கு மேல் பாய்ந்து பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தான். கூடமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். கண் இமைப்பதற்குள் இன்னொருவன் ஓரத்தில் பறந்துபோய் வைத்தான். எருவேரா பெஞ்சுமேல் ஏறிவிட்டான், பாதிரியார் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நானும் துணியைச் சுழற்றிக் கத்தினேன். கத்திக்கொண்டே திரும்பினேன். பின்பக்க ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது.

மீரியா மழையில் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு உடை. தலையில் துக்கத்துக்குச் சூடும் பச்சை இலை வளையம். வழியில் எங்கோ இறங்கிப் பறித்து, கட்டிச் சூடிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வாத்தேனே அவளுடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். உடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. இந்த இரைச்சல் முழுவதையும் அவள் அங்கே நின்று கேட்டிருக்கிறாள்.

துணியைப் போட்டுவிட்டுக் கூட்டவீட்டு முகப்புக்கு ஓடினேன். வாயைத் திறந்தேன். வழக்கமாக என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? வா மகளே, உனக்காகக் காத்துக் கிடக்கிற உன் அப்பாவிடம் வா என்போம். அந்த அழைப்பில் பொய் சொல்லக்கூடாது. உள்ளே பாய்தான் இருந்தது. "வா மகளே, உன் அப்பா போன பாதையில் அழுதுகொண்டு வா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

வாத்தேனே அவளிடம் மூச்சுவிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் புல்தரையின் பாதியில் நின்றுவிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை புரிந்துகொண்டாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து, நடந்து, முகப்பில் ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே போய், பெட்டி இருந்த பாயில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை. பிடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கூடத்தில் டிவி அணைந்தது. கடைசி விசில் ஊதவில்லை, கோப்பையை இன்னும் யாரும் தூக்கவில்லை. யார் அணைத்தார்கள் என்று தெரியாது. எருவேரா வந்து அவள் எதிரில் முழந்தாளிட்டான். அவன் பின்னால் வாசலில் ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மகளே, உங்கப்பா இதத்தான் ஆசைப்பட்டிருப்பாரு" என்று ஆரம்பித்தான். "இந்த மேட்ச்ச அவருக்காக..."

"போன ஞாயித்துக்கிழமை அப்பா எனக்குப் போன் பண்ணாரு, சித்தப்பா."

எருவேரா குதிகால்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஆறு வருஷத்துக்கு அப்புறம். ஃபைனலுக்கு வாடின்னாரு. சனிக்கிழமை டிக்கெட்தான் இருக்கு, வர நாலு ஆயிரும், மேட்ச் போயிருமேன்னேன். போகட்டும், வீடியோ டேப்புல பிடிச்சு வெப்போம், நீ வர்ற வரைக்கும் நான் டிவியப் போட மாட்டேன்னாரு. நீ வந்து உக்காந்தப்புறம் சேந்து பாப்போம்னாரு. எனக்குத் தட்டு எடுத்து வெக்கிறேன்னாரு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நாங்களும் அழுது ஓய்ந்திருப்போம். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். எருவேராவின் தோள் இறங்கிப் போயிருந்தது. கை நீட்டி அவள் பாதத்தைத் தொட்டான், உடனே எடுத்துக்கொண்டான்.

"தப்பு பண்ணிட்டேன், மீரியா" என்றான். "பெரிய தப்பு."

"பெட்டிய மூடினது யாரு?"

"நான்தான்."

"அப்ப கடைசியா பாத்தது நீங்கதான்" என்றாள். "சொல்லுங்க, சித்தப்பா. மூடும்போது எங்கப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

என் புருஷன் மராயில் எழுந்து நின்றால் மணிக்கணக்காகப் பேசுவான். தூங்கற மாதிரி இருந்தாரு, சிரிச்ச மாதிரி இருந்தாரு, எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லிவிடு, பாவி, என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவன் அவளையே பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான்.

"தெரியல, மகளே" என்றான். "நான் மணியப் பாத்துக்கிட்டிருந்தேன்."