ஓர் இலைக்கு மூன்று பச்சை

கம்பெனியில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். கட்டிங் மாஸ்டர் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் ஒட்டவா முடியும்? ஆனால் அன்றைக்குப் பெருமாநல்லூரில் அந்த ஸ்டேஷனரிக் கடைக்குள் நுழைந்து, "பெரியவங்க கலர் அடிக்கற புஸ்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில், இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது!

புத்தகம் எனக்கில்லை. என் மனைவி அனுசுயாவுக்கு. பதினேழு வருடமாகச் சாயப்பட்டறை லேபில் நிறம் சேர்க்கிற வேலை அவளுக்கு. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இந்த நிறம் வேண்டும் என்பான். இவள் அந்த நிறத்தைச் சின்னத் துண்டுகளில் ஏ, பி, சி என்று மூன்று விதமாகப் போட்டு அனுப்புவாள். அவன் எதை ஓகே என்கிறானோ அதைத்தான் பட்டறையில் டன் கணக்கில் பல்க்காகப் போடுவார்கள். ஓகே வராமல் ஒரு கிலோ துணிகூடத் தொட்டியில் இறங்காது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது. எதையும் மூன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறவள், லாரி நிற்கிறது என்று யாரோ அவசரப்படுத்த, ஒரே வெளிச்சத்தில் பார்த்து அனுப்பிவிட்டாள். சட்டைத் துணியும் காலர்த் துணியும் பகலில் ஒன்றாகத்தான் இருந்தன. பையர் கடை விளக்குக்குக் கீழே போனதும் காலர் மட்டும் சிவப்பு தட்டியது. மொத்த ஆர்டரும் ரிஜெக்ட். பட்டறை முதலாளி லிங்கசாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பாள்.

அன்றோடு வேலைக்குப் போவதை விட்டாள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. "ஏனுங்க, இந்தத் தக்காளி பழுத்திருக்குதுங்களா?" என்பாள். "இந்தச் சீலை நீலந்தானுங்களே?" என்பாள். குழம்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து, மஞ்சள் சரியா என்று கேட்பாள். நிறத்துக்கென்றே பிறந்த பெண் பிள்ளை, கையில் இருக்கிற தக்காளிக்கு என்னிடம் ஓகே கேட்டுக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? கோபமாகத்தான் வந்தது. கத்தினேன். கத்திவிட்டுப் போய் பைக்கில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கண் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார். மனநல டாக்டரம்மாதான் வண்ணம் அடிக்கிற புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அதில் சரி, தப்பு எதுவும் கிடையாது, நிறத்தோடு சும்மா விளையாடட்டும் என்றார். அதே வாரம் லிங்கசாமி போன் பண்ணினார். "மாதவா, ஆனி முடியற வரைக்கும் அந்தப் புள்ள எடத்துல வேற ஆள் போட மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது கண்ணு" என்றார். ஆனி முடியப் பதினாறு நாள் இருந்தது.

கடையில் கீர்த்தனா என்று ஒரு பெண் நின்றாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் யார் பேச்சைக் கேட்டேன்? பொடிப்பொடி வட்டமாக நிறைந்திருந்த ஒரு புத்தகத்தையும் பெரிய ஸ்கெட்ச் பென் செட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அனுசுயா ஒரு வட்டத்தில் சிவப்பை வைத்தாள். பின்பக்கம் திருப்பினாள். அங்கேயும் சிவப்பு. வெள்ளை பனியன் துணியை நனைத்து அதன்மேல் இரண்டு தேய்ப்புத் தேய்த்து என்னிடம் நீட்டினாள். துணி முழுக்கச் சிவப்பு.

"சாயம் நிக்கலீங்க" என்றாள்.

"அடக் கடவுளே! அது புஸ்தகம் புள்ள. யாரும் தொவைக்க மாட்டாங்க."

அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அதற்குமேல் தொடவில்லை.

மறுநாள் திரும்பவும் கடைக்குப் போனேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"அதைத்தானுங்ணா அன்னைக்கே சொல்ல வந்தேன்" என்றாள் கீர்த்தனா. "ஸ்கெட்ச் பென்னு மெல்லிசுப் பேப்பர்ல ஊறி அந்தப் பக்கம் போயிரும். அவங்க ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சுப் பாக்கறவங்களா இருந்தா கலர் பென்சில்தானுங்க வேணும். மொனை மெத்துனு இருக்கோணும், அப்பத்தான் கலர் படியும். பேப்பர் கொஞ்சம் சொரசொரப்பா, கனமா இருக்கோணும். படமும் இத்தனை பொடியா வேண்டாமுங்க. புதுசா அடிக்கறவங்களுக்குச் சலிச்சுப் போயிரும்."

"பேப்பர் என்ன ஜி.எஸ்.எம்.?" என்று கேட்டேன்.

"நூத்தியெம்பதுங்ணா."

அட, டீ-ஷர்ட் துணியின் கனம்! ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். திடமாக இருந்தது. பெரிய பெரிய இலையும் கொடியுமாக ஒரு தோட்டப் புத்தகத்தையும், நாற்பத்தெட்டு பென்சில் உள்ள தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் முந்தின நாள் பண்ணின அலட்டலுக்கு மன்னிப்பும் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன் என்றால் எங்கள் கம்பெனியில் ஒருத்தனும் நம்ப மாட்டான்.

அனுசுயா இந்தப் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போதும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள், பொழுது சாய்ந்து வரும்போதும் உட்கார்ந்திருப்பாள். ஆகா, பிழைத்துக்கொண்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன அடிக்கிறாள் என்று கேட்கவில்லை, கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். பத்து நாள் அப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கம் பெரிய மாமரக் கிளை. ஒரு இலையில்கூட நிறம் இல்லை. எல்லாம் வெள்ளை வெளேர். பக்கத்தின் ஓரத்தில் மட்டும் நகம் அளவுக் கட்டம் கட்டமாகப் பச்சை. ஒவ்வொரு இலைக்கும் மூன்று கட்டம். ஏ, பி, சி. கட்டத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஏதேதோ எண்கள். பக்கம் பக்கமாகத் திருப்பினேன். எல்லாப் பக்கமும் அப்படியே.

எனக்கு மண்டைக்கு ஏறியது. மாடிப்படியில் நின்று கத்தினேன். "ஏம்புள்ள, பத்து நாளா என்னதான் பண்ணுனே? உள்ள ஒண்ணுமே அடிக்கல?"

அவள் ஈரத் துணியோடு இறங்கி வந்தாள். "நீங்க ஓகே பண்ணுனாத்தானுங்களே உள்ள அடிக்க முடியும்? நீங்க பாப்பீங்கனுதான் தெனமும் மேசை மேலயே வெச்சிருந்தேன்."

ஒரு பேனாவை எடுத்து முதல் பக்கம் பூராவும் ஏ, ஏ, ஏ என்று டிக் அடித்துத் தள்ளினேன். "இந்தா, ஓகே. எல்லாமே ஓகே. அடி போ."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். "நீங்க பாக்கவே இல்லீங்க" என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சரி, பார்த்துத் தொலைப்போம் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். முதல் இலையின் மூன்று கட்டமும் ஒரே பச்சை. சும்மா மூன்று தடவை அடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். டியூப் லைட்டைப் போட்டு அதன் கீழே பிடித்தேன். இரண்டாவது கட்டம் மட்டும் மங்கிப் பின்னால் போனது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாமி அலமாரியில் மஞ்சள் பல்பு ஒன்று உண்டு, அதன் கீழே கொண்டுபோனேன். இப்போது மூன்றும் மூன்று இலை. ஒன்று கொழுந்து, ஒன்று முற்றல், ஒன்று நாளைக்கு உதிரப்போகிற பழுப்புப் பச்சை. அடுத்த இலையைப் பார்த்தேன். அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். ஒரு கிளையில் இருபத்திரண்டு இலை, அறுபத்தாறு பச்சை. ஒன்றுபோல இன்னொன்று இல்லை.

இத்தனை பச்சை அந்த டப்பாவில் ஏது? திறந்து பார்த்தேன். நாற்பத்தைந்து பென்சில்கள், வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே முனை குலையாமல் கிடந்தன. பச்சைப் பென்சில்கள் ஐந்தும் புத்தம் புதுசு. தேய்ந்து கட்டை விரல் நீளத்துக்கு வந்திருந்தவை மூன்றே மூன்று. மஞ்சள், சிவப்பு, நீலம். அப்போதுதான் அந்த எறும்பு எழுத்து புரிந்தது. மஞ்சள் ஆறு தடவை, நீலம் மூன்று, சிவப்பு ஒன்று. பட்டறையில் சாயத்துக்கு எழுதுகிற மாதிரி ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்!

பதினைந்து வருடமாக இந்த மனுஷியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அவள் சம்பளம் தெரியும், ஷிப்டு தெரியும், தலைவலிக்கு எந்த மாத்திரை என்று தெரியும். இது தெரியாது. கோயிலில் சாமிக்கு முன்னால் நிற்கிறபோதுகூட எனக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்தது கிடையாது. புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"அனு, என்னால ஓகே பண்ண முடியாது" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "எதுவுமே சரியில்லீங்களா?"

"அட அதில்ல. ஜன்னல்ல வெச்சுப் பாத்தா எனக்கு மூணும் ஒண்ணு. லைட்டு மாத்தி மாத்திப் பாத்தாத்தான் வேற வேறன்னே தெரியுது. எது சரின்னு இன்னும் தெரியல. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு அந்தக் கண்ணு இல்ல புள்ள. இந்த ஊட்டுல அது உனக்கு மட்டுந்தான் இருக்குது. குருடங்கிட்டப் போயி மூணு மாசமா வழி கேட்டுட்டு இருந்திருக்கற நீ."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அடித்து வைத்திருந்த டிக்குகளை ஒரு தடவை பார்த்தாள். முதல் இலையின் மூன்று கட்டங்களையும் நெடுநேரம் பார்த்தாள்.

"மூணுமே தப்புங்க" என்றாள். "சிவப்பு ஒரு தடவை அதிகமாப் போச்சு."

தப்பு என்ற சொல்லை அவள் வாயில் கேட்டு எத்தனை நாளாயிற்று! மஞ்சளை எடுத்தாள். நேராக இலைக்குள் வைத்தாள். காம்பிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் போனது கை. மேலே நீலம் ஏறியது. என் கண் முன்னால், ஒரு பச்சைப் பென்சில்கூடப் படாமல், அந்த இலை பச்சையாகிக்கொண்டே வந்தது. இலைக்குள் வெயில் விழுந்த இடமும் விழாத இடமும் தெரிந்தது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குனிந்து பார்த்து, "ஓகேதான் அனு, சூப்பரா இருக்குது" என்றேன்.

அனுசுயா தலையை நிமிர்த்தவில்லை. பென்சிலும் நிற்கவில்லை.

"உங்களை யாருங்க கேட்டாங்க? வெளிச்சத்தை மறைக்காம அக்கட்டால போங்க."