அண்டா வைத்த அறை

ஜேடர்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் வீட்டு விசேஷம் என்றாலும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். அண்டா கேட்டு வரும். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து வாங்கி, தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுப் பொறுப்பில் வைத்திருக்கும் பித்தளைப் பாத்திரங்கள் அவை. ஆள் உள்ளே உட்காரக்கூடிய அண்டாக்கள், கொப்பரைகள், தோளுயரக் கரண்டிகள். அவற்றுக்கு வாடகை வாங்கியதில்லை. கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்பியதும் இல்லை. அதற்கென்று ஒரு வழக்கம் மட்டும் உண்டு. எடுத்துப் போனவர்கள் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். அரிசியோ, தேங்காயோ, முடியாதவர்கள் ஒரு பிடி உப்போ போட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

போன தை மாதம் நானும் என் மனைவி சௌந்திரமும் சேலத்துக்குக் குடிவந்தோம். அழகாபுரத்தில் எங்கள் மகன் கௌசிக் அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறான். சௌந்திரத்தின் முழங்காலுக்கு இங்கேதான் வைத்தியம். ஊர் வீட்டை ஒரு முட்டைக் கம்பெனி முழுதாக வாடகைக்குக் கேட்டது, கொடுத்துவிட்டோம். வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அங்கே குடித்த காவிரித் தண்ணீரைத்தான் இங்கேயும் குழாயில் விடுகிறார்கள்.

சிக்கல் பாத்திரங்களால் வந்தது. நாங்கள் கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் பங்காளி சின்னுசாமி வந்து நின்றான். என்னைவிடச் சின்னவன், சிறு வயதிலிருந்தே எங்கள் வீட்டு அண்டாக்கள்மேல் ஒரு கண்.

"நீங்க எதுக்குங்கண்ணா செரமப்படோணும்? எங்கூட்ல எடம் கெடக்குது. நான் வெச்சுக்கறேன்."

அவன் கேட்டது இடத்துக்காக அல்ல. பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை வரும். பந்தலில் முதல் நாற்காலி அந்த வீட்டுக்காரனுக்குத்தான்.

"என்ற பொறுப்புல இருக்கறது என்கூடவே வரும்" என்று சொல்லி லாரியில் ஏற்றிவிட்டேன்.

சேலத்துக்கு வந்த பிறகுதான் பெரிய அண்டா லிஃப்டுக்குள் நுழையாது என்பது தெரிந்தது. படிக்கட்டு வழியாக ஏற்றியிருந்தாலும், அதை வைத்தபிறகு கூடத்தில் நாங்கள் நிற்க இடமிருக்காது. கௌசிக் ஒரு வழி சொன்னான்.

"கொண்டலாம்பட்டி பைபாஸ்ல செல்ஃப் ஸ்டோரேஜ்னு இருக்குதுங்கப்பா. மாச வாடகைக்கு ரூம் குடுப்பாங்க. நம்ம பூட்டு, நம்ம சாவி. நெனச்சப்ப போயிப் பாத்துக்கலாம்."

"வாடகை ரூம்லயா? நம்ம பாத்திரத்தையா?"

"கீழ நிக்கற லாரிக்கு வாடகை ஏறிட்டே இருக்குதுங்கப்பா."

போய்ப் பார்த்தேன். நீளமான கட்டடம், வரிசையாக இரும்பு ஷட்டர்கள், மழை படாமல் வண்டி நிறுத்த இடம், கூரையில் கேமரா. ஊரில் எங்கள் வீட்டு உள்ளறையைவிடச் சுத்தமாகத்தான் இருந்தது. அதை நான் கௌசிக்கிடம் சொல்லவில்லை. திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினேன்.

அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் ரஞ்சிதா. பாத்திரங்களை இறக்கும்போதே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு அண்டாவிலும் சௌந்திரம் ஒரு பிடி நெல் போட்டு அனுப்பியிருந்தாள்.

"சார், சாப்பாட்டுப் பொருள் எதுவும் உள்ள வைக்கக் கூடாதுங்க. போர்டுல எழுதியிருக்கு. எலி வந்துடும்."

"நெல்லும்மா இது. அண்டாவ வெறுமனே மூடி வெக்கற பழக்கம் எங்க ஊட்ல கெடையாது."

"எலிக்கு அது தெரியாதுங்களே சார்."

வேறு வழியில்லாமல் நெல்லைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டேன். அண்டாக்களை வெறுமனே வைத்துப் பூட்டிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் கேட்டவர்களிடம் "பாத்திரமெல்லாம் சேலத்துல பத்திரமா இருக்குது" என்றேன். எந்த இடத்தில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஒருவர்கூட அண்டா கேட்கவில்லை. அடுக்குமாடியில் எல்லோரும் நல்லவர்கள்தான். லிஃப்டில் பார்த்தால் "குட் மார்னிங் அங்கிள்" என்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். என்னை யாரும் இதற்கு முன் அங்கிள் என்று கூப்பிட்டதில்லை. வாரம் ஒருமுறை பஸ் பிடித்து கொண்டலாம்பட்டிக்குப் போய் பாத்திரங்களைத் துடைத்துவைத்துவிட்டு வருவேன்.

ஆடி இரண்டாவது வாரம் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறைக்காரி வந்து வாசலில் நின்றாள். பெயர் தமிழ்ச்செல்வி. அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் குடும்பம். போனிலேயே சேலை, வேட்டி விற்கிறாள். துணிக் கட்டுகளை அந்த அறையில் அடுக்கியிருந்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இந்த அண்டா வாடகைக்குத் தருவீங்களா?"

"வாடகைக்கு விடறவன் இல்லம்மா நான்."

அவள் முகம் வாடிவிட்டது. "இல்லைங்கய்யா, வர்ற வெள்ளிக்கிழமை எங்க தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறோம். வாடகைப் பாத்திரக் கடையில எல்லாம் போயிடுச்சுன்னுட்டாங்க."

"வாடகைக்குத்தான் விடமாட்டேன்னேன். குடுக்கமாட்டேன்னா சொன்னேன்?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டாமா?

"புளிச்ச கூழா? ஈயம் பூசின அண்டாவுலதான் காச்சோணும். இந்த ரெண்டும் புதுசா ஈயம் பூசினது, எடுத்துக்க. புளி போட்டுத் தேய்ங்க, மண்ணு போட்டுத் தேய்க்காதீங்க."

"சனிக்கிழமை காலையில இங்கேயே கொண்டுவந்து தந்துடறேங்கய்யா."

இரண்டு பெரிய அண்டாக்களும் மினி லாரியில் அம்மாபேட்டைக்குப் போயின. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, அது எனக்கு உறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னுசாமி போன் செய்தான்.

"அண்ணா, ஆடிப் பதினெட்டுக்கு நம்ம பங்காளிகளுக்கெல்லாம் ஆத்தோரத்துல விருந்து வெக்கறனுங்க. பாத்திரம் வேணுமுங்க, நாளைக்குக் காலைல டெம்போ எடுத்துட்டு வாரேன். ஊட்டு அட்ரஸ் அனுப்புங்க. உங்கூட்ட நானும் பாத்தாப்பல இருக்கும்."

போனை வைத்ததும் சௌந்திரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னுங்க, பாத்திரம் வாடகை ரூம்ல கெடக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லுவாரே?"

"சொல்லுவான். சொல்லிட்டு, பொறுப்பில்லாதவன்கிட்ட எதுக்குன்னு அவனூட்டுக்கே எடுத்துட்டுப் போயிருவான்."

"அப்ப ஒரு டெம்போ புடிச்சு நீங்களே அனுப்பிச்சு உட்ருங்க."

"பாத்திரம் கேட்டு வர்றவன ஊட்டுக்கு வராதேன்னு சொல்லச் சொல்றியா?"

முகவரியை அனுப்பிவிட்டேன்.

காலையில் சின்னுசாமி வந்தான். மருமகள் தனப்பிரியா காபி கொடுத்தாள். அவன் காபியைக் குடித்துக்கொண்டே கூடத்தைப் பார்த்தான், சமையலறையைப் பார்த்தான், எழுந்துபோய் பால்கனியையும் பார்த்துவிட்டு வந்தான்.

"ஊடு நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. அண்டாவெல்லாம் எங்கீங்க, கட்டலுக்கடியிலயா?"

தனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

"வா, காட்டறேன்."

டெம்போ கொண்டலாம்பட்டியில் நின்றது. நான் ஷட்டரைத் தூக்கினேன். சின்னுசாமி நம்பர் எழுதிய கதவுகளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, நம்ம பாட்டன் காலத்துப் பாத்திரத்த வாடகை ரூம்லயா போட்டு வெச்சிருக்கறீங்க?" உள்ளே எட்டிப் பார்த்தான். "பெரிய அண்டா ரெண்டையும் காணமே! வித்துப் போட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் மினி லாரியின் ஹாரன் கேட்டது.

தமிழ்ச்செல்வி முன்னால் இறங்கினாள். பின்னால் அவள் மாமனார் வீரபாகு, தெருப் பெண்கள் சிலர். லாரியில் எங்கள் அண்டாக்கள் இரண்டும் பொன்னைப் போல மின்னின. கழுத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். உள்ளே அரிசி மூட்டை, தேங்காய், வாழைத்தார், வெல்லம். எல்லாவற்றுக்கும் மேலே மடித்துவைத்த ஒரு வெண்பட்டு வேட்டி.

எங்கள் முறையை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அம்மாபேட்டையிலும் அதுதான் முறை போலிருக்கிறது.

வீரபாகு என் முன்னால் வந்து கும்பிட்டார். "இந்தத் தடவைதாங்க கூழ் கடைசி ஆள் வரைக்கும் வந்துச்சு. அண்டா யாரு வீட்டுதுன்னு தெருவே கேக்குது. ஜேடர்பாளையத்துப் பெரிய வீட்டுதுன்னு சொன்னோம்." சின்னுசாமி பக்கம் திரும்பினார். "ஐயாவும் அந்த வீட்டுக்காரங்களா?"

சின்னுசாமி என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். இடுப்பு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான்.

"ஆமாங்க. பங்காளிதானுங்க. நம்ம பாத்திரந்தான்."

"வாடகை கேக்கவே இல்லைங்க உங்க அண்ணன்!"

"எங்கூட்ல வாங்கறதில்லீங்க" என்றான் சின்னுசாமி, ஏதோ அவனே கொடுத்தனுப்பியவன் போல.

அதற்குள் ரஞ்சிதா ஓடிவந்தாள். "சார், அரிசி தேங்காயெல்லாம் உள்ள போகக் கூடாதுங்க சார்!"

"ஏம்மா," என்று சின்னுசாமி அவளிடம் பாய்ந்தான், "எங்கூட்டு அண்டா வெறுமனே உள்ள போகாது, தெரியுமா?"

"எலி வரும் சார்."

"எலி வந்தா என்ன, அண்டாவத் தின்னுருமா?"

"துணி வேணா வச்சுக்குங்க. துணிக்கு ரூல்ஸ் இல்ல."

நான் சிரித்தேன். சேலத்துக்கு வந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று சௌந்திரம் இப்போதும் சொல்கிறாள். அவள் அங்கே இல்லவே இல்லை, சின்னுசாமி சொல்லித்தான் தெரியும்.

அண்டாக்கள் அன்று உள்ளே போகத் தேவையிருக்கவில்லை. சாமான்களை எடுத்துவிட்டு, மற்ற பாத்திரங்களோடு டெம்போவில் ஏற்றி அனுப்பினோம். சின்னுசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மீதியெல்லாம் ஆட்டோவில் அழகாபுரத்துக்கு வந்தது. அவ்வளவையும் நாங்கள் நாலு பேர் என்ன செய்ய? சௌந்திரம் தன் முழங்காலை மறந்துவிட்டு, தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு எங்கள் மாடியின் எல்லாக் கதவுகளையும் தட்டினாள். மாரியம்மன் கோயில் கூழுக்குப் போன அண்டா, அதில் வந்தது இது என்று ஒவ்வொரு வீட்டிலும் கதை சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு ஷாலினி மறுநாள் தட்டைத் திருப்பித் தர வந்தாள். தட்டில் முறுக்கு இருந்தது.

"அங்கிள், எங்க அக்காவுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. ஆன்ட்டி ஏதோ அண்டா இருக்குதுன்னு சொன்னாங்க..."

"எத்தன பேருக்கும்மா சமையல்?" என்று கேட்டேன்.

ஆடிப் பதினெட்டு முடிந்து சின்னுசாமி பாத்திரங்களைத் திருப்பிக் கொண்டுவந்தான். நேராகக் கொண்டலாம்பட்டிக்கு, வழி கேட்காமல் வந்து சேர்ந்தான். ஒரு மூட்டை பொன்னி அரிசியைத் தனியாக டெம்போவின் முன்பக்கம் வைத்திருந்தான், அது வீட்டுக்கு. பெரிய அண்டாவைத் தூக்கி உள்ளே வைக்கும்போது பார்த்தேன். அடியில் புதுத் துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது.

"என்ன சின்னுசாமி இது?"

"துணிக்கு ரூல்ஸ் இல்லைன்னு அந்தப் புள்ள சொல்லுச்சில்லீங்கண்ணா? நம்மூட்டு அண்டா வெறுமனே கெடக்கலாமா?" கேமராவை அண்ணாந்து பார்த்தான். "எடம் நல்ல எடந்தானுங்க. எங்கூட்ல வெச்சாக்கூட இந்த அளவுக்குக் காவல் இருக்காது."

இன்னொரு அண்டாவில், நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அம்மாபேட்டை வேட்டியை வைத்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். பூட்டை ஒருமுறை அவனும் இழுத்துப் பார்த்தான்.