பட்டியலில் பரஞ்சோதி

எங்கள் வீட்டுக் கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் நான்கு வரிகள் வரும். நான்கும் என் கணவர் பரஞ்சோதிதான். எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறேனோ அந்தப் பரஞ்சோதி படுக்கையறையிலிருந்து எழுந்து வருவார். பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் வரிக்காரர் தானாகவே வந்துவிடுவார். அந்த ஏற்பாட்டை என் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே செய்து வைத்திருந்தார்.

முதல் வரிக்காரர் உட்கார்ந்த இடத்தில் காப்பியை வாங்கிக் குடித்து, டம்ளரையும் அங்கேயே வைத்துவிடுவார். இரண்டாமவர் பதவி உயர்வு வந்த வருடம் நிறுவப்பட்டவர். வீட்டில் எல்லோரிடமும் விளக்கம் கேட்பார். மூன்றாமவர் எனக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்த மாதத்தில் சேர்ந்தவர். ரசம் வைப்பார், தலை துவட்டிவிடுவார். நான்காவது, நினைவகச் சோதனை. அதைத் தேர்ந்தெடுத்தால் என் பிறந்தநாளை யோசித்தபடி சாயங்காலம் வரை கூடத்தில் நிற்பார்.

தபால் நிலையத்துக்கு எட்டரைக்குக் கிளம்ப வேண்டியவள் நான். பால் பொங்கும்போது பத்து விநாடி போய்விடும். வாரத்தில் ஐந்து நாள் முதல் வரிக்காரரே வந்துகொண்டிருந்தார். ஆகவே ஒரு சனிக்கிழமை விடுப்பு போட்டு, பட்டியலைச் சுத்தம் செய்ய பாலக்கரையிலிருந்து இருதயராஜை வரவழைத்தேன். கணினி பழுது பார்ப்பவர், நிதானமான மனிதர்.

"மூணாவது மட்டும் இருந்தாப் போதும். மத்ததை எடுத்துடுங்க," என்றேன்.

"வரியை எடுத்தா ஆள் போக மாட்டாரும்மா. பேர்தான் பட்டியல்ல இருக்காது. உள்ள இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடப்பாரு."

"அப்ப ஆளையும் எடுங்க."

"ரெண்டையும் நாலையும் எடுத்துடலாம். ஒண்ணுல கை வைக்க முடியாது. மூணாமத்தவரு எழுந்திரிக்கத் தேவையான கோப்பெல்லாம் முதல் ஆள்கிட்ட இருக்கு. அவரை அழிச்சா இவரு கண்ணே திறக்க மாட்டாரு."

எதிரே அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், "நான் பெத்தது முதல் வரியைத்தான். மத்ததெல்லாம் நீயா சேத்துக்கிட்டது," என்றார். அது உண்மைதான்.

அன்று ஓடிக்கொண்டிருந்த முதல் வரிக்காரர் செய்தித்தாளை இறக்கினார். "எதுவானாலும் காப்பி குடுத்துட்டுப் பேசுங்க."

இரண்டாமவரை அழிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. எண்பது சதவீதம் வரை படுக்கையறையிலிருந்து எழுத்துமூலம் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் வந்த தாள்களை மாமியார் அவரைக்காய் நாருக்குக் கீழே விரித்துக்கொண்டார். நான்காமவர் சீக்கிரம் போய்விட்டார். போகும்போது, "ஆவணியா?" என்று குரல் மட்டும் வந்தது.

"ஐப்பசி," என்றேன்.

பிறகு இருதயராஜ் மூன்றாம் வரியை மேலே ஏற்றினார். முதல் வரியைத் திரையில் தெரியாதபடி மறைத்தார். காத்திருக்கும் நேரத்தைச் சைபர் ஆக்கினார். "இனிமே நீங்க தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லைம்மா. அணைச்சுப் போடவா?"

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, முதல் வரிக்காரருக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். பத்தொன்பது வருடம் நான் போட்ட காப்பியைக் குடித்தவர். குடித்துவிட்டு டம்ளரை உட்கார்ந்த இடத்தில் வைத்தார். அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "போடுங்க," என்றேன்.

மூன்றாமவர் மெதுவாகத்தான் வந்தார். நேராக என்னிடம் வந்து, "வலி குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். அறுவை நடந்து ஆறு வருடம் ஆகிறது.

"இப்பதான் குறையுது," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு, கரண்டியைப் பிடித்தபடி முகம் நீலமாகி அப்படியே நின்றுவிட்டார். பழைய பதிப்பு, அப்படித்தான் நிற்கும். தோளைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மறுபடி தொடங்குவார் என்று இருதயராஜ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் வேலைக்குப் போகும் நாட்களில் மாமியாரே அழுத்துகிறார். ரசத்தில் உப்பு போதவில்லை என்கிறார்; இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுகிறார்.

அடுத்த மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அம்மாள் வந்தார். எங்கள் மூவரின் பெயரையும் சரிபார்த்துவிட்டு, கல்யாணமான மறுவருடம் வாங்கி இன்னும் சமையலறையில் அரைத்துக்கொண்டிருக்கும் மிக்ஸிக்கு மார்ச்சில் பதினெட்டு வயது முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று கேட்டார். படிவத்தை எடுத்து, மிக்ஸியின் பெயரை எழுதினார்.

"அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?"

"அப்பா பேரே போட்டுக்குங்க. வீட்டுக்காரருக்கு இப்ப என்ன அவசரம்," என்றேன்.