முட்டைமேல் உட்கார்ந்த கண்ணாயிரம்

கானமயில் என்று ஒரு பறவை இருக்கிறது, கண்ணுகளா. பேரில் மயில் இருந்தாலும் மயில் தோகை கிடையாது. நின்றால் உங்களில் சில பேருக்கு நெஞ்சு வரைக்கும் வரும். முதுகு பழுப்பு, கழுத்து வெளுப்பு, தலையில் கறுப்புத் தொப்பி. அத்தனை கனத்தோடு பறக்கவும் செய்யும், ஆனால் நடக்கத்தான் அதற்குப் பிடிக்கும். புல்வெளிதான் அதன் வீடு. வெட்டுக்கிளியும் வண்டும் பிடித்துத் தின்னும். வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை இடும். இப்போது நம் நாட்டில் நூற்றுச் சில்லறைதான் மிச்சம், அதுவும் பெரும்பாலும் ராஜஸ்தான் பக்கம். எல்லாவற்றையும் விட முக்கியமான சங்கதி, அது மகா கூச்சக்காரப் பறவை. ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கிப் போய்விடும்.

இந்தக் கூச்சம்தான் கண்ணாயிரத்துக்கு வினையாகிவிட்டது.

கண்ணாயிரம் இருப்பது சிதம்பரத்தில். வேலை கடலூரில், கல்யாண மண்டப வாசல்களில் கரடியாக நிற்பது. நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு வைத்த கரடி உடுப்புக்குள் ஒரு ஆள் நின்று கைகொடுப்பார் இல்லையா, அவர்தான். பன்னிரண்டு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து, "வாங்க வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் தட்டினால்கூட அதைத்தான் சொல்வார்.

அவர் மகள் அனுப்பிரியா ஐந்தாம் வகுப்பு. போன குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கண்ணாயிரம் புலியாக வந்தார். புதருக்குப் பின்னாலிருந்து பாய வேண்டும், அவ்வளவுதான். பாய்ந்தார். பாய்ந்த இடத்தில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். புலி இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சார், சாப்டீங்களா?" என்றது.

அன்றிலிருந்து அனுப்பிரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'சாப்டீங்களா புலி' என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில் நின்றால்கூட யாராவது வந்து கை கூப்புவார்கள்.

மார்ச் மாதம் இயற்கை விழா வந்தது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு உயிரினத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கானமயில். பேசப்போவது அனுப்பிரியா. பிரிசில்லா டீச்சர் சொன்னார்: "பறவையா உங்கப்பாவையே வரச் சொல்லேம்மா. டிரெஸ் போட்டு நிக்க அவுங்கள மாதிரி வேற யாரு?"

அனுப்பிரியா டீச்சரிடம் தலையை ஆட்டிவைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"ப்பா, இந்தத் தடவ சின்னப் பசங்க நிஜமாவே கானமயில்னு நம்பணும். நம்பலன்னா நான் ஆறாவதுக்கு வேற ஸ்கூல் போயிடுவன்."

"நம்ப வெச்சிடலாம் பாப்பா."

"பேசக் கூடாது."

"பேச மாட்டன்."

"கை கூப்பக் கூடாது. யாராச்சும் வந்தா தல ஆட்டக் கூடாது. பன்னீர் கிட்டவே கொண்டாரக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் அசையவே கூடாது."

"வர்றவங்கள வாங்கன்னுகூட சொல்லாம அப்பிடி என்னா பறவ அது?" என்றார் கண்ணாயிரம்.

உடுப்புத் தைக்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உத்திராபதி மாமா வந்தார். அனுப்பிரியாவின் தாய்மாமன். குடை ரிப்பேரும் பந்தல் துணி தைப்பதும் அவர் தொழில். பழைய கரடி உடுப்பு ஒன்றைப் பிரித்துப்போட்டு, கானமயில் படத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ உசரம்?"

"மூணடிக்குக் கொஞ்சம் மேல மாமா."

"உங்கப்பன் அஞ்சரை. மிச்சத்த எங்க வெக்கிறது?"

அனுப்பிரியாவுக்கு அதற்கும் பதில் இருந்தது. அடைகாக்கிற தாய்ப் பறவையாக உட்கார்ந்துவிட்டால் உயரம் சரியாகிவிடும். முட்டைக்கு மாமா சந்தையில் ஒரு சின்ன முலாம்பழம் வாங்கி, டீத்தூள் தண்ணீரைத் தொட்டுப் புள்ளி வைத்தார். நிஜ முட்டை இவ்வளவு பெரிசு இல்லை என்று அவள் சொன்னதற்கு, "கடைசி வரிசைல உக்காந்திருக்கற பிள்ளைக்குத் தெரிய வேணாமா?" என்றார். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய குடைகளை உள்ளே வைத்துத் தைத்தார், பொத்தானை அமுக்கினால் விரிகிற மாதிரி.

"குடை எதுக்கு மாமா? அப்பா அசையவே போறதில்ல."

"இருந்துட்டுப் போவட்டும். என் கைல வேலைன்னு வந்தா குடை இல்லாம அனுப்ப மாட்டன்."

அடுத்தது கண்.

"கானமயிலுக்கு ரெண்டு பக்கமும் நல்லா தெரியும் மாமா. நேரா முன்னாடி சரியா தெரியாது. அதனாலதான் பறக்கறப்ப கரண்டு கம்பில மோதிச் செத்துப்போவுது."

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. மாமாவும் கத்திரிக்கோலை ஒரு நிமிஷம் கீழே வைத்தார். பிறகு கண்ணுக்கான ஓட்டைகளைக் காதுகிட்டே கொண்டுபோய் வெட்டினார்.

"ஏன்டா, நான் முன்னாடி எப்பிடிப் பாக்கறது?" என்றார் கண்ணாயிரம்.

"அது எப்பிடிப் பாக்குதோ அப்பிடிப் பாரு மச்சான்."

ஒத்திகைக்குக் கூடத்தில் உடுப்போடு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கல் மாதிரி இருந்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கதவைத் தட்டியதும் பறவைக்குள்ளிருந்து, "வாங்க வாங்க" என்று வந்தது. அவர் சிலிண்டரை வாசலிலேயே உருட்டிவிட்டுப் போய்விட்டார். அனுப்பிரியா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. கண்ணாயிரம் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பஸ்ஸில் கடலூர் போய்த் திரும்பும்வரை கண்டக்டரிடம்கூட வாய் திறக்காமல், விரலை மட்டும் காட்டி டிக்கெட் எடுத்துப் பழகினார்.

விழா நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் புல்வெளி போட வேண்டுமே. சிதம்பரத்தில் புல்வெளிக்கு எங்கே போவது? பால்காரர் கார்த்திகேசன் மொபெட்டில் நாலு கட்டுத் தீவனப்புல் கொண்டுவந்து இறக்கினார். பச்சைப்பசேலென்று இருந்தது. எல்லாரும் அதை அழகாகப் பரப்பி நட்டார்கள். அது யாருக்காக வெட்டி வைத்த புல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு பலகை மேல் கண்ணாயிரம் முட்டையை அணைத்து உட்கார்ந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார, நடுவில் வாசல் வரைக்கும் வழி. தலைமையாசிரியர் பிறகு வந்து பறவைக்குப் பொன்னாடை போடுவார் என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அனுப்பிரியா மைக்கைப் பிடித்தாள். "இது கானமயில். புல்வெளியில் வாழும். மிகவும் கூச்ச சுபாவம் உடையது."

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு சிரிப்பு இல்லை. இளமதி என்று ஒரு சின்னப் பெண், பறவை பயந்துவிடுமே என்று தும்மலைக்கூட இரண்டு கையாலும் அடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் வாசல் வழியாகச் சிகப்பி வந்தது. கார்த்திகேசனின் பசு. தன் காலைச் சாப்பாடு மொபெட்டில் ஏறிப் போனதைப் பார்த்து, வழியெல்லாம் சிந்திக் கிடந்த புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே வந்து சேர்ந்திருக்கிறது. நிகழ்ச்சியில் இதுவும் உண்டு என்று பிள்ளைகள் நினைத்து, நகர்ந்து நன்றாக வழிவிட்டார்கள். எழுந்தால் மாடு மிரண்டு பிள்ளைகள் மேல் ஏறிவிடும் என்று டீச்சர் விரலை வாயில் வைத்து எல்லாரையும் உட்கார்த்தினார்.

புல்வெளி வாசல் பக்கத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. நேர் முன்னால் நடப்பது கண்ணாயிரத்துக்குத் தெரியவில்லை. பெயரில் ஆயிரம் கண் இருந்து என்ன, இருந்த இரண்டு ஓட்டையும் காதுப் பக்கம். யாரோ கனமான ஆள் நடந்து வருவது மட்டும் கேட்டது. முகத்துக்கு நேரே பெருமூச்சு ஒன்று சூடாக அடித்தது. பிறகு ஈரமாக, அகலமாக ஏதோ ஒன்று கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டு போனது.

பொன்னாடை என்று நினைத்தார் கண்ணாயிரம். தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷப் பழக்கம் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. கைகள் தாமாகவே ஒன்றை ஒன்று தேடின. இறக்கை நடுங்குவதை அனுப்பிரியா பார்த்தாள். ஆனால் கண்ணாயிரம் சாப்பிடாத தட்டை நினைத்துக்கொண்டார். 'வாங்க'வை அப்படியே விழுங்கினார். மனுஷன் அசையவில்லை.

சிகப்பி குனிந்து முட்டையை முகர்ந்தது. முலாம்பழம் வாசனை. நாக்கு நீண்டது.

அப்பா அசைந்தால் பேச்சுப் போச்சு. அசையாவிட்டால் முட்டை போச்சு. முட்டையை மாட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற தாயை எந்தப் பிள்ளை நம்பும்? அனுப்பிரியா கையிலிருந்த தாள்களை வேகமாகத் தள்ளினாள். கடைசித் தாளில், நேரம் இருந்தால் படிக்கலாம் என்று டீச்சர் எழுதிக் கொடுத்த பகுதி இருந்தது. உரக்கப் படித்தாள்.

"கூட்டுக்கு அருகில் மாடு வந்தால் தாய்ப் பறவை ஓடாது. மாடு வந்தால், மாடு, இறக்கைகளை விரித்து, எழுந்து நிற்கும்."

கடைசி 'மாடு' அந்தத் தாளில் இல்லை, அது அப்பாவுக்காக.

கண்ணாயிரம் பொத்தானை அமுக்கினார். இரண்டு குடையும் படார் என்று விரிந்தன. மூன்றடிப் பறவை ஐந்தரை அடியாக எழுந்தது. சிகப்பி நாலு காலும் ஒன்றாகத் துள்ளி, வந்த வழியே திரும்பி ஓடியது. தெருமுனையில்தான் கார்த்திகேசன் அதைப் பிடித்தாராம்.

கண்ணாயிரம் குடைகளை மடக்கினார், பலகையைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, மறுபடி முட்டைமேல் உட்கார்ந்தார். அப்புறம்தான் கைதட்டல். கேலி செய்த ஐந்தாம் வகுப்புக்காரர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். யாரும் கை கூப்பவில்லை.

எல்லாரும் போன பிறகும் கண்ணாயிரம் அசையவில்லை. அனுப்பிரியா வந்து கழுத்து ஈரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"ப்பா, போதும். எழுந்திரு. சாப்டியா?"

பறவை இல்லை என்று தலையாட்டியது.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் மூன்று பேரும் போனதும், விழா பார்க்க வந்திருந்த உத்திராபதி மாமா முட்டையை எடுத்து மடியில் வைத்துக் கத்தியை விரித்தார். அந்த நேரம் பார்த்து இளமதி எட்டிப் பார்த்தாள். மாமா முட்டை மேல் துண்டைப் போட்டார். கண்ணாயிரம் சட்டென்று பறவைத் தலையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அக்கா, குஞ்சு எப்ப பொரியும்?"

அனுப்பிரியா உண்மையைத்தான் சொன்னாள். "இருபத்தேழு நாள் ஆவும்."

இளமதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். விரல் போதவில்லை. "நான் எங்க கிளாஸ் எல்லாரையும் கூட்டிகினு வரன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

மாமா கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். "மச்சான்," என்றார், "அந்தக் கரடித் துணி இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்கு?"