தாய் வேஷம்

பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த அமலம்மாளுக்கு வாரம் ஒரு தடவை தாய் வேஷம் போடும் வேலையும் இருந்தது. சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர்களுக்கு, அம்மை குத்த மறுக்கும் பெற்றோரை எப்படிச் சமாளிப்பது என்று பெரிய துரை பழக்கிக்கொண்டிருந்தார். அமலம்மாள் ஒரு தலையணையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குத்த வேண்டாம் என்று அடம்பிடிக்க வேண்டும். டாக்டர் முதலில் சட்டத்தைச் சொல்ல வேண்டும்; அடுத்து அபராதத்தை. அதற்கும் மசியாவிட்டால், ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கையைப் பிடித்துவிட வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்பது துரையின் எண்ணம்.

அவள் அசலாக நடிக்கிறாள் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளுடைய மூத்தவன் சேவியர், ஜெலுத்தோங்கில் அம்மை குத்திய பிறகு கை வீங்கிப் பழுத்துச் செத்துப்போனவன். அது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. இளையவள் லூர்துக்குக் குத்தாமல், அவளை யார் கண்ணிலும் படாமல் அக்கரையில், பாகான் டாலாமில், தங்கை ஞானம்மாள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள். மனசு ஒப்பும்படி எந்த டாக்டராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு வாரமும் தலையணையோடு காத்திருந்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அக்கரையில் பெரியம்மை கண்டிருக்கிறது என்று வார்டில் பேச்சு அடிபட்டது. எந்த இடம் என்று கேட்க அமலம்மாள் பயந்தாள்.

அன்று பெர்னார்ட் என்ற இளம் டாக்டரின் முறை. சட்டத்தையும் அபராதத்தையும் அவன் ஒப்பித்து முடித்ததும், அவள் தலையணையை இறுக்கிக்கொண்டாள்.

"என் மூத்தவன் இந்தக் குத்துலதான் செத்தான். அதுக்கு என்ன சொல்றீங்க ஐயா?"

பெர்னார்ட் துரையைப் பார்த்தான். துரை தலையசைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்று அவள் கையைப் பிடித்தான். துரை கைதட்டினார்.

கையை விட்ட பிறகும் அவள் தலையணையை மடியிலிருந்து இறக்காததைப் பெர்னார்ட் கவனித்தான். பிறகு துணி துவைக்கும் கொட்டகைக்கு அவளைத் தேடி வந்து, நிஜமாகவே அப்படி ஒரு பையன் இருந்தானா என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், லூர்து இருக்கும் இடம் உட்பட.

"உள்ள நான் சொன்னது பொய்க்கா," என்றான் அவன். "எப்பவாவது ஒரு கை அப்படிப் பழுக்கும். நான் ஊசியக் கொதிக்க வச்சுக் குத்தறேன், ஆறுற வரைக்கும் வந்து பாக்கறேன். ஆனா இப்ப அங்க வந்திருக்கறது பெரியம்மை."

பொய் என்று அவளிடம் ஒப்புக்கொண்ட முதல் டாக்டர் அவன்தான். அவளுக்கு அது போதும்.

மத்தியானப் படகில் கடல் தாண்டினார்கள். பாகான் டாலாமில் சந்து முனையில் கயிறு கட்டிப் போலீஸ்காரன் நின்றான்; டாக்டர் என்றதும் உள்ளே விட்டான். கதவுகள் சாத்திக் கிடந்தன. சில வாசல்களில் வேப்பிலை தொங்கியது. ஞானம்மாள் வாசலில் வேப்பிலை இல்லை என்று கண்டதும் அமலம்மாளுக்கு உயிர் வந்தது. சிலுவை மாட்டிய வேதக்காரர் வீட்டில் யார் வேப்பிலை கட்டுவார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

லூர்து பாயில் சுருண்டு கிடந்தாள். மழையில் நனைந்த காய்ச்சல், முந்தாநாளிலிருந்து, என்றாள் ஞானம்மாள். பெர்னார்ட் குழந்தையின் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, வாயைத் திறந்து பார்த்தான். நெற்றியைத் தடவிப் பார்த்தான். பிறகு மருந்துப் பெட்டியை மூடினான்.

"குத்தலையா ஐயா?"

"இனிமே குத்திப் பிரயோசனமில்லக்கா. அம்மை போட்டுடுச்சு."

அமலம்மாள் தரையில் உட்கார்ந்து லூர்தை மடியில் எடுத்துக்கொண்டாள். தூளியில் ஞானம்மாளின் கைக்குழந்தை அழுதது. அதற்காவது குத்தலாம் என்று பெர்னார்ட் அந்தப் பக்கம் திரும்ப, ஞானம்மாள் பாய்ந்து பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னால்தான் தருவேன் என்றாள். பெர்னார்ட் அமலம்மாளைப் பார்த்தான்.

"ஆகலாம்டி," என்றாள் அமலம்மாள், தரையிலிருந்தே. "குடு."

ஞானம்மாள் கொடுத்தாள்.

சாயங்காலம் அம்மை கண்டவர்களைப் பிரித்து வைக்கும் தனித் தீவுக்கு ஏற்றிச் செல்லும் படகு வந்தது. சின்ன வயசில் அம்மை போட்டு எழுந்தவள் என்பதால் அமலம்மாளையும் ஏற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தைக்குக் குத்திய கை வீங்கி, வடிந்து, தழும்பானது. லூர்து பிழைத்தாள். இடது கண்ணில் பார்வை மட்டும் திரும்பவில்லை.