படுவான்கரை எலி

வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் வட்டைகளில் மருந்து வைத்து எலிகளை ஒழித்துவிட்டார்கள். நெல்லைத் தின்றால் யார்தான் விடுவார்கள்? டினோஷாவின் ஆய்வுகூடத்தில் மிஞ்சியது ஒரு பெண் எலி. கிழக்கே எழுவான்கரை எலியும் பார்வைக்கு அதே எலிதான். ஆனால் படுவான்கரை எலிக்குள் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, அது வேறு இனமாகிக்கொண்டிருந்தது. இரண்டும் கூடினால் குட்டி பிறக்கும். அந்தக் குட்டி மலடு. கூடு கழுவும் ரதீஸிடம் இதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை.

வாரக்கணக்கில் வரம்பு வரம்பாக அலைந்து, கடைசியில் ஒரு படுவான்கரை ஆண் எலியைப் பிடித்தாள். பொறியை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

ரதீஸ் வாசலிலேயே நின்றான்.

"பாவம் மிஸ், தனியாக் கிடக்குதெண்டு எழுவான்கரை ஆண் ஒண்டைக் கூட்டுக்குள்ள விட்டிருந்தன். காலையில குட்டி போட்டிட்டுத் தாய் செத்துப்போச்சு."

அவன் கையிலிருந்த பஞ்சுக்குள் சிவந்த குட்டிகள் நெளிந்தன.

"பால் சொட்டு விட்டு நான் வளத்திருவன். வம்சம் தப்பிட்டுது, என்ன மிஸ்?"

பொறிக்குள் ஆண் எலி பிறாண்டிக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றாள் டினோஷா.