காய்ச்சல் இல்லாத ரொட்டி

நாச்சம்மாள் வீட்டுக்கு ரொட்டி வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். சொந்த ஊரான ராமாபுரத்திலும் அப்படித்தான், மைசூருக்கு வந்து ஊதுபத்தி கம்பெனியில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். அவளுக்கு வாய்த்த மருமகளோ மூன்று வேளையும் ரொட்டி தின்கிறவள்.

மகன் முரளிதரன் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய், அங்கேயே மார்த்தாவைக் கட்டிக்கொண்டான். இப்போதுதான் முதல்முறையாக அவளைக் கூட்டி வருகிறான். ஒரு வார்த்தை பேச முடியாவிட்டால் அந்தப் பெண் லாட்ஜில் தங்கின மாதிரி தங்கிவிட்டுப் போவாள். அப்புறம் மகனும் வரமாட்டான். இந்தப் பயம் நாச்சம்மாளைப் பிடித்து ஆட்டியது.

அதனால் செல்போனைப் பார்த்து ரொட்டிப் பாடம் படித்தாள். மருமகள் பாஷையில் ரொட்டி என்றால் பான். உள்ளே மெத்தென்று இருப்பது மீகா. மேல்தோல் கோர்த்தேசா. ஒரு துண்டு ரெபனாதா. ஊதுபத்தி உருட்டிக்கொண்டே அவள் முணுமுணுத்ததைக் கேட்டு, பக்கத்தில் இருந்த கனகா மந்திரமா என்று கேலி செய்தாள். செய்யட்டுமே. பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்று பதறுகிறவளுக்கு வெட்கம் என்ன வெட்கம்!

வந்தார்கள். மார்த்தா கும்பிட்டாள். நாச்சம்மாள் வாயைத் திறந்தாள். படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. அன்று முழுக்க இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். அவள் கைக்குத் தெரிந்தது ஒரே பக்குவம்தான். பிய்த்துப் போட்டு, சூடான பாலில் ஊறவைத்து, சர்க்கரை தூவிக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அவளுக்கென்ன காய்ச்சலாம்மா? ஏன் இப்படிக் கொழைச்சு வெச்சிருக்கறே?" என்று முரளி தலையில் அடித்துக்கொண்டான்.

நாச்சம்மாளுக்கு உயிரே போய்விட்டது. கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

மார்த்தா விடவில்லை. ஒரு வாய் தின்றாள். பிறகு முரளியிடம் கடகடவென்று என்னவோ சொன்னாள், கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகுமுன் அவள் அம்மா இதைத்தான் கொடுப்பாளாம். அம்மா கண்ணை மூடிய பிறகு யாரும் கொடுத்ததில்லையாம்.

கிண்ணம் காலியானது. நாச்சம்மாள், ஞாபகம் வந்த ஒரே வார்த்தையை மெல்ல எடுத்து விட்டாள்.

"பான்?"

மார்த்தாவும் அங்கே செல்போனைப் பார்த்துப் படித்துத்தான் வந்திருந்தாள். ஆனால் அவள் படித்தது சோற்றுப் பாடம். கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அத்தே, இன்னும் கொஞ்சம் சோறு."

முரளி திருத்தப் போனான்.

"நீ சும்மா இருடா. அவ சரியாத்தான் கேக்கறா," என்று சொல்லிவிட்டு, நாச்சம்மாள் மறுபடியும் பாலை அடுப்பில் வைத்தாள்.